ஜெபம் வராத வருடங்கள்

நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரி தாம்பரத்தை ஒட்டி இருந்தது. காசநோய்க்காரர்களுக்கான ஆஸ்பத்திரி. காற்று வரவேண்டும் என்று வார்டுகளை நீள நீளமாக, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்துக் கட்டியிருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் எனக்கு அங்கே வேலை கிடைத்தபோது அம்மா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. "ஒட்டிக்கிற வியாதிடி. பல்லாவரத்துலயே ஏதாவது ஒரு கிளினிக்ல சேரக் கூடாதா?" என்றாள். எனக்குப் பயம் இல்லை. தைரியசாலி என்பதால் அல்ல. அப்போது எனக்கு ஜெபம் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

டியூட்டிக்குப் போனதும் படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வேன். கண்ணை மூடினால் போதும். எதிரில் ஒருவர் உட்கார்ந்து, நான் வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பது போல இருக்கும். இன்னாருக்கு ஜுரம் இறங்க வேண்டும், கடைசிப் படுக்கைக்காரர் இன்றைக்காவது ஊசிக்குத் தகராறு பண்ணாமல் இருக்க வேண்டும் என்று சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லிவிட்டு வெளியே வருவேன். மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர்கள், மூத்திரம் சிவப்பாகப் போவதைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடி வருவார்கள். "ஒண்ணும் இல்ல, மருந்துதான் அப்படி" என்று சொல்லி உட்கார வைப்பேன். எங்களைத் திட்டுவார்கள், சொல்லாமல் வீட்டுக்கு ஓடிப்போவார்கள், இருமிக்கொண்டே திரும்பி வருவார்கள். ஆனால் ஆறேழு மாதத்தில் பெரும்பாலானவர்கள் கன்னத்தில் சதை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் கேட்பதும் அவர் கொடுப்பதுமாக நாட்கள் போயின. நன்றி சொல்லுவதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

என் கணவர் எங்கள் சபைக்காரர்தான். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகி குரோம்பேட்டையில் இரண்டு அறை வீட்டில் குடியேறிய முதல் நாள் சாயங்காலமே, குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்துவிட்டு, "நீயே ஜெபம் பண்ணு. எனக்குக் கோர்வையா வராது" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜெபம் செய்யும் குரல் என்னுடையது. சபையிலும் அப்படித்தான். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால், "அந்த நர்ஸக்காவைக் கூப்பிடுங்க, உருக்கமா ஜெபம் பண்ணுவாங்க" என்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேறு மாதிரி நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் எங்களுக்கே புரியவில்லை. காசநோய்தான் இருந்தது, மருந்தும் கொடுத்தோம், ஆனால் தேறவில்லை. இருபத்தைந்து, முப்பது வயது ஆண்கள். பாதிப்பேர் லாரி ஓட்டுகிறவர்கள். வயிற்றுப்போக்கு நிற்காது. வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கஞ்சிகூட இறங்காது. ரத்தப் பரிசோதனையில் எய்ட்ஸ் என்று முடிவு வந்ததும், கூட வந்தவர்கள் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போவார்கள். திரும்பி வரமாட்டார்கள். டாக்டர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். ஜுரத்துக்கும் இருமலுக்கும் மருந்து இருந்தது. அந்த நோய்க்கு மருந்து எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. வெளிநாட்டில் ஏதோ இருக்கிறது என்று கேள்விப்பட்டோம்.

ஜெபம் எந்த நாளில் நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் அந்தச் சின்ன அறையில் நின்றுகொண்டு வாய் ஏதோ சொல்ல, காது வெளியே தட்டுகள் அலம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. களைப்பு என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான். எதிரில் யாரும் இல்லை. கோபமாக எழுந்து போனது போலவும் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. பைபிளைத் திறந்தால், எழுத்தைக் கண் படித்தது, உள்ளே எதுவும் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து பார்த்தேன். பசித்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனேன். பந்தல் முழுக்க அழுதுகொண்டிருந்தது. நான் மட்டும் டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போதகரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். "யாரையாவது மன்னிக்காம இருக்கீங்களாம்மா? உள்ள ஏதாவது கசப்பு இருந்தா அது தடையா நிக்கும். தேடிப் பாருங்க" என்றார். தேடினேன். எங்கள் கல்யாணத்தில் என் புடவையைப் பற்றி நாத்தனார் ஏதோ சொல்லியிருந்தாள். அதுதான் கிடைத்தது. பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போய், "உன் மேல மனசுல ஒரு வருத்தம் வச்சிருந்தேன், மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் பயந்துபோனாள். "என்ன அண்ணி, உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கா? அண்ணன் எதுனா சொன்னாரா?" என்று கேட்டுக் காபி போட்டுக் கொடுத்தாள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். மறுநாளும் அதே காய்ந்த வாய்.

அந்தச் சமயத்தில்தான் வார்டில் ஒருத்தியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பம்மல் பக்கத்துப் பெண். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். கணவன் வடக்கே லாரி ஓட்டியவன், ஒரு வருடத்துக்கு முன்னால் இதே நோயில் போயிருந்தான். அவன் கொடுத்துவிட்டுப் போனதுதான் இவளுக்கு. குழந்தை இல்லை. மாமியார் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கி, ஒரு பிளாஸ்டிக் கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்க யாரும் வரவில்லை.

வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து தடவுவது என் வேலை. குச்சியில் பஞ்சு சுற்றி, நாக்கு, அண்ணம், கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் தடவவேண்டும். எரியும். பலர் என் கையைத் தட்டிவிடுவார்கள். அவள் வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். முடிந்ததும் ஜன்னல் கண்ணாடியில் பல்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா சிஸ்டர் இது, வெத்தல போட்டா செவக்கும். நீ ஊதா கலர்ல போட்டு உட்டுட்டியே."

மூன்றாம் நாளே சிஸ்டர் போய் அக்கா வந்தது. நான் எங்கே இருக்கிறேன், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, இன்றைக்கு என்ன குழம்பு என்றெல்லாம் கேட்பாள். குழம்பு வைக்கும் விதத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே அரைத் தம்ளர் கஞ்சி குடித்துவிடுவாள். ஒரு நாள் என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நீ வேதக்காரவங்களாக்கா? எங்க தெருவுல ஒரு அம்மா இருந்துச்சு, தலைல கை வச்சு வேண்டிக்கும். எனுக்கும் ஒருவாட்டி வேண்டிக்கோயேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தலையில் கை வைத்தேன். மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது, உச்சி சுட்டது. "ஏசப்பா, இந்தப் பிள்ளைக்கு சுகம் கொடுங்க, வலியைக் குறைங்க" என்று வழக்கமான வார்த்தைகளைச் சொன்னேன். உருக்கம் எதுவும் இல்லை. ஊசி போட்டதைக் குறித்துக்கொள்வது போலத்தான் சொன்னேன். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் அவள் ஏற்கனவே திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டிக்கிறப்போ ஒனுக்கு இன்னாக்கா ஆவுது?"

பொய் சொல்லியிருக்கலாம். சமாதானம் வரும், சந்தோஷம் வரும் என்று எத்தனையோ பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது உண்மையாக இருந்தது. "முன்ன எல்லாம் யாரோ கேக்குற மாதிரி இருக்கும். இப்போ கொஞ்ச நாளா ஒண்ணும் ஆகலை" என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு வேண்டுற?"

"தெரியலை."

"சரி, பரவால்ல. ஒனுக்குத் தோணும்போது வரலாம்னு உட்டுடாத. தெனம் வா" என்றாள்.

தினமும் போனேன். டியூட்டி முடிந்து புடவை மாற்றிக்கொண்டு, பையோடு அவள் படுக்கைக்குப் போய்த் தலையில் கை வைப்பேன். அவளுக்கு நோய் ஏறிக்கொண்டே போனது. ஜெபத்தினால் ஜுரம் ஒரு டிகிரி இறங்கியது என்று சொல்ல எனக்கு ஆசைதான். இறங்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரிகளும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தி முஸ்லிம் பெண். "எனக்கும் துவா பண்ணுங்க சிஸ்டர்" என்றாள். அவளுக்கும் அதே வார்த்தைகள்தான். என்னிடம் வேறு வார்த்தை இல்லை. கை வைத்த இடங்களிலெல்லாம் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் அந்தப் பம்மல் பெண், தன் அக்கா சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருப்பதாகச் சொன்னாள். கோவில் குன்றுக்குப் பின்பக்கத் தெரு, மாவு மெஷினுக்கு எதிர்வீடு. "அவளுக்கு நான் இங்க கீறதே தெரியாதுக்கா. ஒரு வார்த்த சொல்லிடேன். வரணும்னு இல்ல, தெரிஞ்சாப் போதும்."

லீவு நாளில் செங்கல்பட்டு வண்டி பிடித்துப் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அக்கா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அதே மூக்கு, அதே நெற்றி. நன்றாக இருந்தால் தங்கையும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தோன்றியது. "உங்க தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல, தாம்பரத்துல சேத்திருக்கு" என்று மட்டும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தங்கை புருஷன் எப்படிப் போனான் என்று தெரிந்தவள்தானே. எழுந்து வந்து என்னைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சத்தமாப் பேசாதீங்கம்மா. உள்ள என் மாமனார் கீறாரு. எனக்கு வயசுக்கு வந்த பொண்ணு இருக்குது. இந்த ஊருல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போச்சு." கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "அவள நான்தான் தூக்கி வளத்தேன். எங்கம்மா வேலைக்குப் போய்டும். நான்தான் அவளுக்கு எல்லாம். நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

வந்துதான் ஆகவேண்டும் என்று சொல்லலாம். வந்தபிறகு அவளுக்கு நடக்கப்போவதை நானா சுமக்கப்போகிறேன்? அவள் உள்ளே போய், பேப்பரில் மடித்த துளசியும் குங்குமமும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "காலைல கோயில்ல குடுத்தது. அவகிட்ட குடுத்துடுங்க." திரும்பும்போது ரயிலில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் சபையில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வண்டலூர் தாண்டும்போது ஜெபம் செய்யப் பார்த்தேன். அந்த இரண்டு பெண்களுக்காக என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

துளசியை அவள் உள்ளங்கையில் வைத்தபோது முகர்ந்து பார்த்தாள். "நல்லாக் கீறாளா?" என்றாள். "நல்லா இருக்காங்க." "குண்டாயிட்டாளா?" "கொஞ்சம்." சிரித்தாள். வருவாளா என்று கேட்கவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு வார்டு வாசலில் நின்றாள். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே தங்கையின் படுக்கையைக் காட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"எழுப்புறேன், வாங்க."

"வேணாம்மா, எழுப்பாதீங்க. எழுப்பினா என்னால போவ முடியாது." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு ஆரஞ்சுப் பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பஸ் ஸ்டாப் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று சாயங்காலம் வரை தவித்தேன். தலையில் கை வைக்கப் போனபோது சொல்லிவிட்டேன். "உங்க அக்கா வந்துட்டுப் போனாங்க. நீ தூங்கிட்டு இருந்தே."

"எங்க தூங்குனேன்" என்றாள். "அவ செருப்புச் சத்தம் எனுக்குத் தெரியாதா? சும்மாத்தான் கண்ண மூடிகினு இருந்தேன். முழிச்சிகினு இருந்தா அவளால போவ முடியாதுக்கா. பாவம், அவளுக்கும் வூடு வாசல்னு கீதே."

அன்றைக்கு ஜெபத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. வழக்கமான வார்த்தைகள்கூட இல்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சில் ஒரு சுளையை உரித்து, சாறு மட்டும் அவள் நாக்கில் விட்டேன். புண்ணில் பட்டு எரிந்திருக்கும். விழுங்கினாள்.

அந்த வாரமே ஒரு காலை நேரத்தில் போய்விட்டாள். நான் வேறு படுக்கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது. மாமியாருக்குச் சொல்லி அனுப்பியும் யாரும் வரவில்லை. அக்காவுக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆஸ்பத்திரி ஆட்களே அடக்கம் செய்தார்கள். கூடையில் இருந்த ஒரு சேலையை அவளுக்குப் போர்த்திவிட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

அடுத்த மாதம் சபையில் பெண்கள் ஐக்கியப் பண்டிகை. நோயாளிகள் மத்தியில் ஊழியம் செய்கிறவள் என்று என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மறுத்தும் விடவில்லை. மைக் முன்னால் போய் நின்றேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கர்த்தர் எனக்குச் செய்த நன்மைகள் என்று ஆரம்பிக்க வேண்டும். அவள் முகம்தான் வந்தது. "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா, பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக, "பின்மாற்றத்துல இருக்கா போல, விசுவாசம் குறைஞ்சிடுச்சு" என்றாள். அவள் சொன்னது சரியா தவறா என்று எனக்கே தெரியவில்லை. பிரியாணி வாங்கிக்கொண்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வருடக்கணக்காக இப்படி இருக்கிறது, தினமும் உங்கள் முன்னால் சொல்லும் ஜெபமும் வெறும் வாய்தான் என்று சொல்லிவிட்டு அழுதேன். வெல்டிங் வெளிச்சத்தில் சிவந்த கண்ணோடு அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஏதாவது பதில் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். "உனக்கு வரலைன்னா விடு. கொஞ்ச நாளைக்கு நான் பண்றேன். நீ கூட உக்காந்திரு."

"உங்களுக்கு வருமா?"

"வராதுதான். பாப்போம்."

அவருடைய முதல் ஜெபம் இன்னும் நினைவிருக்கிறது. "ஆண்டவரே, இன்னைக்கு பட்டறையில கரென்ட் போகலை, ஸ்தோத்திரம். இவளுக்கு மனசு சரியில்லை. அது உங்களுக்கே தெரியும். ஆமென்." அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாயைச் சுருட்டினார்.

பிறகும் எனக்கு ஜெபம் திரும்பி வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். பாட்டுகளைப் பாடினேன். திருவிருந்து எடுத்தேன். மேலதிகாரி வேறு வார்டு வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னேன். தினமும் டியூட்டி முடிந்ததும் கேட்கிறவர்கள் தலையில் கை வைத்தேன். பலர் இறந்துபோனார்கள். சிலர் காசநோய் தேறி, உள்ளே அந்த நோயை வைத்துக்கொண்டே, கொஞ்ச காலத்துக்கு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி ஒருவரை அழைத்துப்போக மனைவி வந்திருந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் சண்டை. ஆட்டோவில் போகலாம் என்று அவள், பஸ்ஸே போதும் என்று அவர். "ஆட்டோல போற மூஞ்சியப் பாரு" என்று அவர் கத்த, "நிக்கவே முடியல, பேச்சப் பாரு" என்று அவள் கத்த, ஆட்டோக்காரர் நடுவில் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். வராந்தாவில் நின்று பார்த்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனசுக்குள், "இவங்களைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், யாரிடம் சொன்னேன் என்று திடுக்கென்றது.

அசையாமல் நின்றேன். இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தேன். அவர்கள் கடைசியில் ஆட்டோவில்தான் போனார்கள். உள்ளே யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள், போனேன். மறுநாள் அதே இடத்தில் போய் நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. எப்போதாவது, நான் எதிர்பார்க்காத நேரத்தில் அப்படி ஒரு வாக்கியம் உள்ளே வந்துவிட்டுப் போகும். அதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது. சாட்சி என்று மேடையில் சொல்வதற்கு அது போதாது. அந்த நாட்களில் எனக்குக் கிடைத்தது அதுதான்.